ஒன்பதாவது கன்று

குத்திருச்சா அண்ணாச்சி? மன்னிச்சுக்கிடுங்க. லுங்கியை ரெண்டு சுத்து சுத்தித்தான் கட்டியிருக்கேன், அப்பவும் ஒரு கிளை எட்டிப் பாக்குது. மேல வைக்கலாம்னா கண்டக்டர் வேண்டாங்கார். "யார் மண்டையிலயாவது விழுந்தா நான் எந்த ஆஸ்பத்திரிக்கு வண்டிய விடுறது"ங்கார். அதுவும் ஞாயம்தான். நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கமா நகந்துக்கிடுங்க, நான் காலுக்கு நடுவுல வச்சுக்கிடுதேன்.

கொம்புதான். ஃபாரஸ்டுக்காரங்களைக் கூப்பிட்டுறாதீங்க. மான் சாதி, ஆனா நம்ம ஊர் மான் இல்ல. காரிபூம்பாங்க. கழுதை உயரம் இருக்கும். கொன்னு எடுத்ததும் இல்ல, அதுவா உதுத்துப் போட்டது. பேப்பர் எல்லாம் பையில இருக்கு. மதுரை ஏர்போர்ட்டில இதை வச்சு முக்கால் மணி நேரம் விசாரணை. "ஆண் மானா?"னு கேட்டார் ஆபீசர். "இல்ல சார், பொம்பள. பேரு பிலோமினா"ன்னேன். அதுக்கப்புறம் இன்னும் அரை மணி நேரம் ஆச்சு.

ஆமா, அந்தச் சாதியில பொட்டைக்கும் கொம்பு உண்டு. வயித்துல பிள்ளை இருக்கிற வரைக்கும் வச்சிருக்கும். மேயுற இடத்துல யாரையும் நெருங்க விடாது. பெத்த கொஞ்ச நாள்ல உதுத்துரும். பிலோமினாங்கிறது நான் வச்ச பேரு. எங்க பெரிய மதினி பேரு. நடை அப்படியே அவங்க நடை.

நான் பனிமயம். சிரிங்க, சிரிங்க, பரவாயில்ல. தூத்துக்குடியில பனிமய மாதா கோயில் திருவிழா அன்னைக்குப் பிறந்தேன். பத்தொம்பது வருஷம் கப்பல்ல சமையல். ஒரு கேப்டன் சிபாரிசுல, கிரீன்லாந்து மேற்குக் கரையில ஒரு ஆராய்ச்சி முகாமுக்குச் சமைக்க ஆள் வேணும்னாங்க. மூணு மாசம். பனியே விழாத ஊருல பனி மாதாவைக் கும்பிட்டு வளந்தவன், ஒரு தடவை பனியைத்தான் பாத்துட்டு வருவோமேனு போனேன். போன இடத்துல ஒரே ஒரு கன்னுக்குட்டியை நோட்டுல எழுத வைக்க நான் பட்ட பாடு இருக்கே, அதை யார்கிட்டயாவது சொல்லலைனா எனக்கு நெஞ்சு அடைச்சிரும். நீங்க அருப்புக்கோட்டையில இறங்கலைல்லா? நல்லது.

முகாம்ல தலைவி கிர்ஸ்டன்னு ஒரு அம்மா. அறுபத்தொண்ணு வயசு. செடி படிச்சவங்க. அப்புறம் மாலிக். பேரைக் கேட்டுட்டு நான் முதல் நாள் "அஸ்ஸலாமு அலைக்கும் பாய்"னேன். அவன் அந்த ஊர்க்காரன், வேட்டைக்காரன், படகும் அவன்தான் ஓட்டுவான். மாலிக்குன்னா அவங்க பாஷையில அலையாம். இன்னும் ஆறு மாணவர்கள் உண்டு. அவங்க மலைக்கு அந்தப் பக்கம் மண்ணைத் தோண்டிக்கிட்டுக் கிடப்பாங்க, பசிச்சா வருவாங்க. அவங்களை விட்டுருங்க.

மே மாசம் ஆரம்பத்துல படகுல போனோம். எல்லாரும் கரையைப் பாத்துட்டு வந்தா, கிர்ஸ்டன் அம்மா மட்டும் தண்ணியையே பாத்துட்டு வந்தாங்க.

"என்ன மேடம் தேடுறீங்க?"

"ஐஸ்."

"மீன் பெட்டியில நாலு கிலோ இருக்கு மேடம்."

சிரிக்கல. மாலிக்தான் சொன்னான். இவன் அப்பா காலத்துல மே கடைசி வரைக்கும் இதே கடல் மேல நாய் வண்டியில போவாங்களாம். இவன் சின்ன வயசுல அந்தப் பனிக்கட்டி மேல தூங்கியிருக்கானாம். இப்ப அதே இடத்துல மோட்டார் போட் போகுது. நான் எட்டிப் பாத்தேன், நம்ம மன்னார் வளைகுடா மாதிரிதான் இருந்துச்சு, கொஞ்சம் கறுப்பு.

இதுல செடிக்கு என்ன, மானுக்கு என்னனு கேப்பீங்க. நானும் கேட்டேன். கடல் மேல பனிக்கட்டி கிடக்கிறது சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. வெயில் பட்டாலும் வெள்ளை திருப்பி அனுப்பிரும். மூடியை எடுத்துட்டா கடல் சூட்டை வாங்கிக்கிடும், அந்தச் சூடு பக்கத்துக் கரைக்கும் வரும். கரையில மரமே கிடையாது அண்ணாச்சி, எல்லாம் கணுக்கால் உயரச் செடி. வில்லோனு ஒரு மரம், அங்க அது கொத்தமல்லிக் கட்டு உயரம். சூடு பட்டதும் பத்து நாள், பதினஞ்சு நாள் முந்தியே துளிர்த்துருது. ஆனா காரிபூ இருக்கே, அது சூட்டைப் பாத்து வராது, வெளிச்சத்தைப் பாத்து வரும். பொழுது இவ்வளவு நீண்டாச்சா, கிளம்பு. அதுக்கு வருஷா வருஷம் அதே தேதி. பிள்ளை பெறுறதும் அதே தேதி. வந்து பாத்தா துளிர் முத்திப் போய்க் கிடக்கும். தாய்க்குப் பால் ஊறாது, கன்னு நிக்காது.

கல்யாண வீடுதான் அண்ணாச்சி. பத்திரிகையில பத்தரைனு போட்டுட்டு, சமையல்காரன் எட்டு மணிக்கே பந்தியை ஆரம்பிச்சுட்டான். சரியான நேரத்துக்கு வந்தவன் இலை எடுக்கிறதைப் பாத்துட்டு நிக்கான். வந்தவன் மேல என்ன தப்பு? இப்படி நான் சொன்னதும் கிர்ஸ்டன் அம்மா நோட்டுல குறிச்சுக்கிட்டாங்க. "பானி, இதை என் வகுப்புல சொல்லலாமா?"னு கேட்டாங்க. பானிம்பாங்க என்னை. இந்தியில தண்ணினு அர்த்தம்னு நான் சொல்லல.

அந்தம்மாவுக்கு வேலை என்னன்னா, மண்ணுல கயிறு கட்டிச் சதுரம் சதுரமா பிரிச்சிருப்பாங்க. நாப்பது சதுரம். ஒவ்வொண்ணும் நம்ம கேரம் போர்டு அளவு. தினமும் காலையில முட்டி போட்டு, எந்தச் செடியில எத்தனை இலை விரிஞ்சிருக்குனு எண்ணணும். இருபத்திரெண்டு வருஷமா எண்ணுதாங்க. அந்தப் பக்கம் மலைச்சரிவுல வர்ற காரிபூ எத்தனை, கன்னு எத்தனைனும் எண்ணணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் பந்திக்கு யார் முந்துனா, யார் பிந்துனானு தெரியும்.

எனக்கு ஒரே சட்டம். சமையல்கட்டுத் தண்ணி ஒரு சொட்டு மண்ணுல விழக்கூடாது. இருநூறு அடி தள்ளி கரையோரம் ஒரு குழி, அங்கதான் கொட்டணும். மூணு தடவை சொன்னாங்க, நானும் மூணு தடவை தலையாட்டினேன்.

இப்ப நீங்க சொல்லுங்க. அரிசி களைஞ்ச தண்ணியையும் வடிச்ச கஞ்சியையும் யாராவது குழியில கொட்டுவாங்களா? எங்க வீட்டுல சாக்கடையில ஊத்தினா அம்மா கரண்டியை எடுத்துருவாங்க. கறிவேப்பிலைக்கு ஊத்து, முருங்கைக்கு ஊத்து, ஒண்ணும் இல்லைன்னா பக்கத்து வீட்டு மாட்டுக்காவது ஊத்து. இங்க சமையல்கட்டுப் பின்வாசல்ல, மூணு எட்டு வச்சா பதினேழாம் சதுரம். அதுல ஒரு வில்லோ, காய்ச்சல்காரன் மாதிரி சுருண்டு நிக்குது. ஊத்தினேன். சோம்பேறித்தனம் இல்ல அண்ணாச்சி, இரக்கம். குழிக்குப் போற வழியெல்லாம் கொசு, அதுவும் உண்மைதான்.

தினமும் ஒரு குண்டான், இளஞ்சூட்டோட. மே கடைசியில ஆரம்பிச்சேன். அந்த நேரம்தான் மந்தை வந்துச்சு. நாப்பத்தொரு தாய். எல்லாம் வயிறு தள்ளிக்கிட்டு. அதுல ஒண்ணு மட்டும், இடது காது கிழிஞ்சது, மந்தையை விட்டு இறங்கி நேரா பதினேழுக்கு வந்துச்சு. பிலோமினா. நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருப்பேன். குனியும், நிமிரும், என்னைப் பாக்கும், போயிரும். மறுநாளும் வரும். என் சமையலைத் தேடி வந்த முதல் கிரீன்லாந்துக்காரி.

ஜூன் நடுவுல நாப்பது சதுரத்துல முப்பத்தொம்பதும் முத்திப் போச்சு. இலை செருப்புத்தோல் மாதிரி. பதினேழுல மட்டும் புதுத்துளிர்! பச்சைப்பசேல்னு. கிர்ஸ்டன் அம்மா அதைப் பாத்த அன்னைக்கு நான் கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். அந்தம்மா முட்டி போட்டவங்க எந்திரிக்கவே இல்ல. "மாலிக்! மாலிக்!"னு சத்தம். அளந்தாங்க, படம் எடுத்தாங்க, பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாங்க. ரெண்டாம் துளிர்! பிந்தி வர்றவங்களுக்குச் செடியே ரெண்டாவது பந்தி போடுதுனா, இந்தப் பள்ளத்தாக்கு தன்னைத்தானே சரி பண்ணிக்கிடுது. அப்படித்தான் அந்தம்மா நினைச்சாங்க.

அன்னைக்கு மத்தியானம் ரசத்தை டம்ளர்ல வாங்கிக் குடிச்சாங்க அண்ணாச்சி. ஒன்றரை மாசமா என் ரசத்தை மருந்து மாதிரி பாத்தவங்க. "இருபத்திரெண்டு வருஷத்துல முதல் நல்ல செய்தி, பானி"ன்னாங்க. மாலிக்கைப் பாட்டுப் பாடச் சொன்னாங்க. மாலிக் பாடினான். அந்தக் கொடுமை வேற யார் காதுக்கும் வரக்கூடாதுனு வேண்டிக்கிடுதேன்.

எனக்குத் தெரியாதானா, தெரியும். அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு. ஆனா ஒரு மனுஷி இப்பத்தான் சிரிக்காங்க. சாப்பாட்டுல கை வைக்காங்க. ரெண்டு நாள் போகட்டும்னு விட்டேன். அஞ்சு நாள் ஆச்சு. அஞ்சாம் நாள் தபால் படகு வரும். பல்கலைக்கழகத்துக்குப் பெரிய கடிதம் எழுதி வச்சிருந்தாங்க, படத்தோட. மாலிக் என் பக்கத்துல வந்து கஞ்சிக் குண்டானைப் பாத்தான், பதினேழைப் பாத்தான், என்னைப் பாத்தான். "குக், படகு வர ஒரு மணி நேரம் இருக்கு"ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

போய்ச் சொன்னேன். "மேடம், அது செடி போட்ட பந்தி இல்ல. நான் போட்டது."

திட்டுவாங்கனு நின்னேன். கப்பல்ல நான் வாங்காத திட்டா? திட்டல. எத்தனை நாள், எத்தனை லிட்டர், உப்பு எவ்வளவுனு கேட்டாங்க. சொன்னேன். கடிதத்தை ரெண்டா மடிச்சுப் பையில வச்சாங்க. நோட்டைத் திறந்து பதினேழு மேல சிவப்பு மையில ஒரு கோடு. இருபத்திரெண்டு வருஷத்துச் சதுரம், இனி அது கிடையாது. அதோட விட்டாங்கன்னா நான் பேச மாட்டேன். தப்பு என் மேல.

விடல. விஷயமே இனிமேதான் இருக்கு.

கன்னு எல்லாம் பிறந்தாச்சு. தினமும் தொலைநோக்கியில எண்ணுவாங்க. முதல்ல பத்தொம்பது. அப்புறம் பதினஞ்சு. பன்னிரெண்டு. ஜூன் கடைசியில மலைச்சரிவுல ஒன்பது கன்னு. நான் எண்ணினேன், மாலிக் எண்ணினான், ஒன்பது. நோட்டுல எட்டு.

"மேடம், ஒண்ணு விட்டுட்டீங்க. பிலோமினா கன்னு."

"விடல. அது சேராது."

"ஏன்?"

"இந்தப் பள்ளத்தாக்கு தன் இலையை வச்சு எத்தனை கன்னைக் காப்பாத்துதுனுதான் நான் எண்ணுறேன். அந்தத் தாய் தினமும் உன் சமையல்கட்டுல சாப்பிட்டிருக்கு. அது உன் கன்னு."

என்ன பேச்சு பாருங்க! கண்ணு முன்னால நாலு காலும் தரையில படாமத் துள்ளுது. தாய்ப்பால் குடிக்குது. அது இல்லையாம். எங்க ஊர்ல செத்தவன் ரேஷன் கார்டுல உயிரோட இருப்பான், அதாவது பரவாயில்ல. உயிரோட இருக்கிறதை இல்லைனு எழுதுறதை நான் அங்கதான் பாத்தேன்.

நான் விடுவேனா? காலையில காப்பி கொடுக்கும்போது "ஒன்பது மேடம்"பேன். "எட்டு, பானி"ம்பாங்க. மத்தியானம் சோறு போடும்போது "ஒன்பது." "எட்டு. இன்னும் கொஞ்சம் குழம்பு." மாலிக்கைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டேன். "வேட்டைக்காரனுக்கு நாலு கால்ல நின்னா ஒண்ணு"ன்னான். ரெண்டுக்கு ஒண்ணுனு நாங்க ஜெயிச்சோம். அந்தம்மா எட்டுனே எழுதினாங்க.

ஒருநாள் நான் கோபத்துல சொன்னேன், "மேடம், நீங்க இருபத்திரெண்டு வருஷமா எண்ணிக்கிட்டே இருக்கீங்க. நான் ஒரு மாசம் கஞ்சி ஊத்தி ஒண்ணைக் காப்பாத்திட்டேன். ஊரெல்லாம் ஊத்தினா என்ன?" அந்தம்மா கோபப்படல. பென்சிலை எடுத்துப் பெருக்கிப் பாத்தாங்க. பள்ளத்தாக்கு நீளம், அகலம், சதுரத்துக்கு ஒரு குண்டான். "ஒரு நாளைக்கு நாலு கோடி குண்டான், பானி. பாத்திரம் தேய்க்க ஆள் கிடைக்குமா?" அப்பவும் முகத்துல சிரிப்பு இல்ல. இந்த மாதிரி ஆளோட எப்படிச் சண்டை போடுறது?

அந்தப் பேப்பர்லயே ஓரத்துல பழைய வருஷக் கணக்கு கிடந்துச்சு. முதல் வருஷம், இதே அளவு மந்தை, முப்பது கன்னு. நான் அதைப் படிச்சதை அந்தம்மா பாத்தாங்க. நான் போய் வெங்காயம் நறுக்கினேன்.

கடைசி நாள். ஜூலை நடுவுல. கூடாரம் எல்லாம் பிரிச்சுப் படகுல ஏத்தியாச்சு. பத்து மணிக்கு மாலிக் இன்ஜினைப் போடணும். கிர்ஸ்டன் அம்மா கடைசியா ஒரு தடவை எண்ணப் போனாங்க, நான் ஃபிளாஸ்கோட பின்னால போனேன். எண்ணினாங்க. எட்டு. நோட்டுல எழுதியாச்சு. எழுதின பிறகும் தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கல. இந்தப் பக்கம் திருப்புதாங்க, அந்தப் பக்கம் திருப்புதாங்க.

அப்பத்தான் நானும் பாத்தேன். பிலோமினாவைக் காணோம். கன்னையும் காணோம்.

"எட்டுத்தான் இருக்கே மேடம். கணக்கு சரியாத்தானே இருக்கு. என்னத்தைத் தேடுறீங்க?"

எந்திரிச்சாங்க. கீழ படகைப் பாத்து "மாலிக், இன்ஜினை நிறுத்து"னு சத்தம் போட்டுட்டு மலை மேல ஏற ஆரம்பிச்சாங்க. அறுபத்தொண்ணு வயசு. நான் மூச்சு வாங்கிக்கிட்டுப் பின்னால. மாணவர்கள் ஆறு பேரும் படகுல உக்காந்து எங்களைப் பாக்காங்க. ஒன்றரை மணி நேரம் ஏறினோம். நான் பைபிள் சங்கீதம் எல்லாம் சொல்லி முடிச்சுட்டேன். கன்னு குளிர்ல எங்கயோ விழுந்து கிடக்கப் போகுதுனு பயம்.

முகட்டுக்கு அந்தப் பக்கம், வெயில் படாத பள்ளம். அங்க இன்னும் உறைபனி ஒரு பெரிய திட்டாக் கிடக்கு, மெதுவா உருகிக்கிட்டு. உருகின ஓரத்துல எல்லாம் அப்பத்தான் விரிஞ்ச துளிர். மே மாசத்துத் துளிர் ஜூலையில. அதுக்கு நடுவுல பிலோமினா. தலையில கொம்பு இல்லாம, மொட்டையா, எங்க மதினி மொட்டை போட்டுட்டு வந்த மாதிரி. பக்கத்துல கன்னு. நல்லாக் கொழுத்திருந்துச்சு.

மாலிக் பின்னாலயே வந்துட்டான். குனிஞ்சு புழுக்கையைப் பாத்தான். காஞ்சது, பாதி காஞ்சது, புதுசு. பனித் திட்டு சுருங்கச் சுருங்க அது ஓரமாவே மேஞ்சு வந்திருக்கு. "ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. தினமும் இங்கதான் சாப்பாடு"ன்னான். அங்கயே கிடந்த இந்தக் கொம்பை எடுத்து என் கையில குடுத்தான்.

கிர்ஸ்டன் அம்மா ஒரு பாறையில உக்காந்து நோட்டைத் திறந்தாங்க. பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்தாங்க.

"பானி. ஒழுங்கா யோசிச்சுச் சொல்லு. பதினேழுல அது இலை தின்னதை நீ பாத்தியா?"

அண்ணாச்சி, இத்தனை நாளா நான் என்ன சொல்லிக்கிட்டு வந்தேன்? தினமும் வந்து வயிறு முட்டத் தின்னுட்டுப் போகுதுன்னேன். ஆமான்னா எட்டு. அது என் கன்னு, என் கஞ்சிக் கன்னு, ஆனா நோட்டுல கிடையாது. இல்லைன்னா ஒன்பது. நோட்டுல ஏறிரும். ஆனா என் கன்னு கிடையாது.

"நக்கும் மேடம்"னேன்.

"என்ன?"

"மண்ணை நக்கும். கஞ்சியில உப்பு இருந்துச்சுல்லா. உப்புக்குத்தான் வந்துச்சு. நக்கிட்டுப் போயிரும்."

"இலை?"

"ஒரு நாள் ஒரு கொத்து. துப்பிருச்சு."

துப்பினதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் பொஞ்சாதி ரெஜினாகிட்டகூட.

எட்டை அடிச்சுட்டு ஒன்பதுனு எழுதினாங்க. எழுதிட்டு, தேதி போட்டு, நேரம் போட்டு, சாட்சினு என் பேரை முழுசா எழுதினாங்க. எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினாங்க. அப்புறம் ஃபிளாஸ்கைத் திறந்து எனக்குக் காப்பி ஊத்திக் குடுத்தாங்க. சமையல்காரனுக்கு மேடம் ஊத்துதாங்க. "நாப்பத்தொண்ணுக்கு ஒன்பது. இதுவும் நல்ல செய்தி இல்ல, பானி. ஆனா சரியான செய்தி"ன்னாங்க. நான் அந்தக் காப்பியைக் குடிச்சுக்கிட்டே கன்னைப் பாத்தேன். ஒரு வாய் கஞ்சிகூட எனக்கு அது கடன்படல. துள்ளிக்கிட்டு நின்னுச்சு.

இவ்வளவுதான் அண்ணாச்சி. மூணு வாரம் சண்டை போட்டு ஜெயிச்சேன், ஜெயிச்ச நிமிஷத்துல என் பங்கு கையை விட்டுப் போச்சு. அதோட போனாலும் பரவாயில்ல. ஜூன் மாசமே முகாம் சாட்டிலைட் போன்ல ரெஜினாவைக் கூப்பிட்டு, ஒரு உயிரைக் காப்பாத்திட்டேன்னு சொல்லித் தொலைச்சிருக்கேன். அவ சொன்னா கோயில் வரைக்கும் போகாம இருக்குமா? பங்குச் சாமியார் திருவிழாப் பிரசங்கத்துல சேக்கப் போறாராம். தெருப் பையங்க ஃபிளெக்ஸ் வச்சிருக்காங்க. படம் அனுப்பினாங்க, பாக்கீங்களா? "பனிக்காட்டில் கன்று காத்த எங்கள் அண்ணன் பனிமயமே வருக." மான் மட்டும் நம்ம ஊர்ப் புள்ளிமான். அதுக்கு நான் கஞ்சி ஊட்டுற மாதிரி ஒட்டியிருக்காங்க.

நீங்க எங்க இறங்கணும்? தூத்துக்குடியா? எந்தத் தெரு?

சரியாப் போச்சு. உங்க முக்குலதான் கட்டியிருக்காங்க. நாளைக்குப் பால் வாங்கப் போகும்போது தலைக்கு மேல நான் நிப்பேன். பாத்துட்டுப் பேசாமப் போயிருங்க அண்ணாச்சி. நக்குச்சு, துப்புச்சு எல்லாம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். யாராச்சும் கேட்டா, கன்னு இருக்குனு மட்டும் சொல்லுங்க. அதுல பொய் இல்ல.